கோல் பிடித்தவனைக் கேட்டீர்களா?

முல்லைப்பெரியாறு அணையில் எத்தனை அடி நீர் தேக்கலாம் என்று நாற்பது வருசத்துக்கும் மேலாகச் சண்டை நடக்கிறது. 1895-ல் கட்டி முடித்த அணை. 152 அடியாக இருந்ததை 1979-ல் 136 ஆக இறக்கினார்கள். 2014-ல் உச்சநீதிமன்றம் 142 வரை தேக்கலாம் என்றது. ஒவ்வோர் அடிக்கும் நிபுணர் குழு, வழக்கு, மறியல். எனக்கும் அந்தத் தண்ணீர் வேண்டும்தான். அது மலையைக் குடைந்து வந்து, வைகையில் சேர்ந்து, பெரியாறு கால்வாயில் ஓடி வந்தால்தான் மேலூர்ப் பக்கத்துக் கண்மாய்கள் நிறையும். ஆனால் கடைசி மடையில் அந்த அடி என்ன ஆகிறது என்று யார் கேட்டார்கள்?

எங்கய்யா அந்தக் கடைசி மடையில் நின்றவர். நீர்க்கட்டி. எந்த வயலுக்கு எவ்வளவு நேரம் பாய்ச்சுவது, நடுச்சாமத்தில் கரை கசிந்தால் ஓடுவது, முங்கி மடையை அடைப்பது எல்லாம் அவர். கூலி, களத்தில் கொடுக்கும் கதிர்க்கட்டு. நிலம் ஒரு செண்டு கிடையாது. மடையன் என்றால் மடை திறப்பவன் என்று எங்க தெருவில் சொல்வோம். நீங்கள் அதை யாரைத் திட்ட வைத்திருக்கிறீர்கள் என்று தெரியும். அகராதிக்காரர்கள் அடித்துக்கொள்ளட்டும்.

சில வருசத்துக்கு முன்னால், கண்மாயில் இன்னும் கூடுதலாக நீர் நிறுத்த முடியுமா என்று அளக்க வந்தார்கள். கருவி கரைமேல் மர நிழலில். அளவுகோலைப் பிடித்து இடுப்புத் தண்ணீரில் நின்றது எங்கய்யா. “நேராப் பிடிறா, இந்தப் பக்கம் தள்ளு.” எழுபது வயசு ஆளிடம் அவர்கள் பேசியது இவ்வளவுதான். முடிவு: உள்ளே ஆழமாகத் தோண்டுவது, கலுங்கை ஓரடி உயர்த்துவது.

தோண்டினால் கொள்ளளவு கூடும், சரி. ஆனால் மடையின் அடிமட்டத்துக்குக் கீழே தோண்டிய பள்ளத்தில் நிற்கிற நீர் வயலுக்கு ஏறாது. எருமை குளிக்கும், மீன் கிடக்கும். அந்தப் பள்ளம் நிறைந்த பிறகுதான் மடைக்கே தண்ணீர் எட்டும். “கரம்பையை மேலாக்க வழிச்சு எடுங்கப்பா, வரத்துக்காலை வெட்டி விடுங்க, ஒரு தடவை பெருகுறது ரெண்டு தடவை பெருகும்” என்று அய்யா சொல்லியிருப்பார். வரத்துக்காலை உழுது வயலோடு சேர்த்துக்கொண்டது யார் யார் என்பதையும் சொல்லியிருப்பார். அதனால்தான் கேட்கவில்லையோ என்னவோ.

கலுங்குக்கு வருவோம். நூறு ஏக்கர் நீர்ப்பரப்பில் ஓரடி ஏற்றினால் 43.56 லட்சம் கன அடி. காகிதத்தில் அழகான எண். ஆயக்கட்டு வயல்களெல்லாம் கரைக்குக் கீழே, அவர்களுடையவை. அந்த ஓரடி உள்வாயில் போய் ஏறிய இடம் எங்கள் தெரு. மேட்டில் ஊர், பள்ளத்தில் நாங்கள். இது இயற்கை போட்ட மனைப்பட்டா இல்லை. அந்த ஐப்பசியில் எங்கம்மா அடுப்பைத் தூக்கித் திண்ணையில் வைத்தாள். மறுநாள் திண்ணையும் முங்கியது.

குடிமராமத்து என்றதும் மரபு, ஒற்றுமை என்று உருகும் நண்பர்களே, 1858-ல் வெள்ளைக்காரன் கட்டாய உழைப்புச் சட்டம் போட்டுத்தான் கரை வேலைக்கு ஆள் பிடித்தான். எந்த முதுகுகள் என்று உங்களுக்குத் தெரியாதா? 2000-ஆம் ஆண்டின் பாசன மேலாண்மைச் சட்டத்தில் நிலம் உள்ளவருக்கே ஓட்டு. 2017-ல் குடிமராமத்தைத் தூசி தட்டி எடுத்தபோதும் வேலை போனது ஆயக்கட்டுதாரர் சங்கங்களுக்கு. நீர் பாய்ச்சியவன் அங்கே உறுப்பினர்கூட இல்லை.

கூடுதல் நீர் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. கலுங்கின் மட்டத்தைக் குறிக்கும் வரைபடத்தில் எங்கள் வாசல்படியின் மட்டத்தையும் குறியுங்கள். மடையின் அடிமட்டத்துக்கு மேலே எவ்வளவு, கீழே எவ்வளவு என்று பிரித்து எழுதுங்கள். நீர்க்கட்டி சொன்னதை அவர் பெயரோடு அறிக்கையில் ஏற்றுங்கள்.

மறுபடி அளக்க வருகிறார்களாம். கோல் பிடிக்க ஆள் கேட்டு நேற்று தெருவுக்குச் சொல்லி விட்டிருந்தார்கள். அய்யா வரமாட்டார் என்று சொல்லிவிட்டேன். கூட்டம் எப்போது என்று கேட்டிருக்கிறேன். பதில் வரவில்லை.