கை உங்களுடையது, கண் யாருடையது?

ஓவியர்கள் நாலு பேர் கூடினால் இந்த வாதம் காதில் விழாமல் போகாது. "நெட்டில் கிடந்த போட்டோதானே. அதைப் பார்த்து நான் கையால் வரைந்தேன். பதினைந்து நாள் கண் வலிக்க உட்கார்ந்திருக்கிறேன். இது என் படம்." கூடவே அதன் பரிவாரங்களும் வரும். முப்பது சதவீதம் மாற்றினால் போதுமாம். எடுத்தவர் பெயரைக் கீழே போட்டுவிட்டால் போதுமாம். வாட்டர்மார்க் இல்லாத படம் பொதுச்சொத்தாம். வெளிநாட்டுக்காரர் இங்கே வந்தா கேஸ் போடப்போகிறார் என்ற தைரியம் வேறு. கண்காட்சியில் விலைச்சீட்டு ஒட்டும் அளவுக்குக் கைதேர்ந்தவர்களும் இதைச் சொல்கிறார்கள். ஓவிய வகுப்பு நடத்துகிறவர்கள் பிள்ளைகளுக்கும் இதையே சொல்லிக்கொடுக்கிறார்கள். இவற்றில் ஒன்றுகூடச் சட்டத்தில் நிற்காது. சட்டத்தை விடுங்கள், நியாயத்திலும் நிற்காது.

அலங்காநல்லூர் வாடிவாசலை எடுத்துக்கொள்வோம். காளை வெளியே பாயும் கணம் ஒன்றிரண்டு நொடிக்குமேல் நீடிக்காது. அதைப் பிடிக்க வந்தவர் பொழுது புலரும்முன்பே தடுப்புக்குப் பின்னால் இடம் பிடித்துவிடுகிறார். வெயில் எந்தப் பக்கம் ஏறும், எந்த லென்ஸ் போட்டால் பின்னாலிருக்கும் கூட்டம் மங்கித் திமில் மட்டும் துலங்கும், ஷட்டரை எவ்வளவு வேகத்தில் வைத்தால் தெறிக்கும் மண் அந்தரத்தில் நிற்கும் என்று கணக்குப் போடுகிறார். நாள் முழுக்க எடுத்துத் தள்ளியவற்றில் ஒரே ஒரு பிரேமைப் பொறுக்குகிறார். அதில் வீரரின் விரல்கள் திமிலில் அழுந்தியிருக்கின்றன. காளையின் முன்னங்கால் இரண்டும் தரையில் இல்லை. விழியின் வெள்ளை தெரிகிறது.

இந்தப் படம் ஓர் ஓவியரின் கைபேசிக்கு வந்து சேர்கிறது. அவர் அதன்மேல் கட்டம் போடுகிறார், கேன்வாஸிலும் கட்டம் போடுகிறார், கட்டத்துக்குக் கட்டம் பெயர்த்து எழுதுகிறார். சிலர் புரொஜெக்டரை வைத்து நேராகக் கோடே இழுத்துவிடுகிறார்கள். அழுந்திய விரல், அந்தரத்து மண், வெள்ளை விழி எல்லாம் அப்படியே வந்து இறங்குகின்றன. பதினைந்து நாள் உழைப்பு பொய்யில்லை. ஆனால் அந்த ஓவியத்தின் முன்னால் வாங்குபவரை நிறுத்திவைப்பது அந்தக் கணம், அந்தக் கோணம், அந்த ஒளி. மூன்றையும் தேர்ந்தவர் வேறொருவர்.

ஜல்லிக்கட்டு யாருக்கும் தனிச்சொத்து இல்லை. அடுத்த தைக்கு நீங்களும் போய்ப் பார்த்து வரையலாம், யாரும் கேட்க முடியாது. கருத்துக்குப் பதிப்புரிமை கிடையாது, அதை ஒருவர் வெளிப்படுத்திய விதத்துக்குத்தான் உண்டு என்று உச்ச நீதிமன்றம் 1978-இல் ஆர்.ஜி. ஆனந்த் வழக்கில் தெளிவாகச் சொல்லிவிட்டது. தன் நாடகத்தை எடுத்துப் படமாக்கிவிட்டார்கள் என்று வந்தவர் அதில் தோற்றார். கரு ஒன்றாக இருந்தாலும் சொன்ன விதம் வேறு. அந்தத் தீர்ப்பு கொடுத்த உரைகல் இது: இரண்டையும் பார்த்த ஒருவருக்குப் பின்னது முன்னதன் நகல் என்று ஐயமில்லாமல் தோன்றுகிறதா? உங்கள் கேன்வாஸையும் அந்த போட்டோவையும் அருகருகே வைத்து, உங்களுக்குக் கடன்படாத ஒருவரிடம் இந்தக் கேள்வியைக் கேட்டுப் பாருங்கள்.

கையால் வரைந்தால் தன் படம் என்ற நம்பிக்கைக்கு அடியில் ஒரு பழைய ஏளனம் இருக்கிறது. போட்டோகிராபர் பட்டனை அழுத்துகிறவர், ஓவியர் படைக்கிறவர் என்ற ஏளனம். 1957-ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டம் இதை ஏற்கவில்லை. கலைப்படைப்புக்கு அது தரும் விளக்கத்தில் ஓவியமும் சிற்பமும் புகைப்படமும் ஒரே வரிசையில் உட்கார்ந்திருக்கின்றன. கலைத்தரம் உண்டா இல்லையா என்று பார்க்கவே வேண்டாம் என்றும் சொல்லியிருக்கிறது. முன்பு புகைப்படத்துக்கு வெளியான ஆண்டிலிருந்து 60 ஆண்டுகளே பாதுகாப்பு. 2012 திருத்தம் அந்த வேற்றுமையையும் எடுத்துவிட்டது. ஓவியருக்குப் போலவே எடுத்தவரின் ஆயுளும் அதற்குப்பின் 60 ஆண்டுகளும். எந்த வடிவத்தில் மறுபடி ஆக்கினாலும் அந்த உரிமை அவருடையது. பதிவு செய்திருக்க வேண்டும் என்ற கட்டாயம் இல்லை, வாட்டர்மார்க்கும் தேவையில்லை. வெளிநாட்டுப் படம் என்ற சாக்கும் செல்லாது, பிறநாட்டுப் படைப்புகளையும் காக்கும் பெர்ன் உடன்படிக்கையில் இந்தியா 1928 முதல் இருக்கிறது. தெரிந்தே மீறினால் ஆறு மாதம் முதல் மூன்று ஆண்டு வரை சிறை என்று 63-ஆம் பிரிவு சொல்வதையும் ஒருமுறை படித்துவைப்பது நல்லது.

"போட்டோ வேறு, ஓவியம் வேறு, ஊடகமே மாறிவிட்டதே" என்பார்கள். அமெரிக்கச் சிற்பி ஜெஃப் கூன்ஸ் அதைவிடப் பெரிய மாற்றம் செய்தவர். ஆர்ட் ராஜர்ஸ் எடுத்த கறுப்பு வெள்ளைப் படம் ஒன்று வாழ்த்து அட்டையாக விற்றுக்கொண்டிருந்தது. ஒரு கணவனும் மனைவியும் பெஞ்சில் உட்கார்ந்து மடி நிறைய நாய்க்குட்டிகளை வைத்திருக்கும் படம். கூன்ஸ் அந்த அட்டையை வாங்கினார், பதிப்புரிமைக் குறிப்பு இருந்த பகுதியைக் கிழித்தார், மீதியை இத்தாலியிலிருந்த சிற்பக்கூடத்துக்கு அனுப்பி மரத்தில் செதுக்கச் சொன்னார். குட்டிகளுக்கு நீல வண்ணம், மனிதர்களின் தலையில் பூ. மூன்று சிற்பங்கள் 3,67,000 டாலருக்கு விற்றன. கறுப்பு வெள்ளை வண்ணமானது, காகிதம் மரமானது, தட்டை உருண்டையானது. 1992-இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் இதெல்லாம் போதாது என்று கூன்ஸுக்கு எதிராகத் தீர்ப்பளித்தது.

அடுத்தது சதவீதக் கணக்கு. பத்து, இருபது, முப்பது என்று ஆளுக்கொரு எண் சொல்கிறார்கள். இந்தியச் சட்டத்திலும் அமெரிக்கச் சட்டத்திலும் அப்படி ஓர் எண் கிடையாது. எவ்வளவு மாற்றினீர்கள் என்பதைவிட எதை எடுத்துக்கொண்டீர்கள் என்றுதான் நீதிமன்றம் பார்க்கும். ஜிங்னா ஜாங் என்ற புகைப்படக் கலைஞர் எடுத்த ஒரு பெண்ணின் படத்தை லக்சம்பர்க்கின் இளம் ஓவியர் ஒருவர் இடம் வலம் மாற்றி வரைந்து, 2022-இல் ஒரு கண்காட்சியில் பரிசும் வாங்கினார். முதல் நீதிமன்றம் அந்தப் பெண்ணின் நிலையில் தனித்தன்மை இல்லை என்று ஓவியர் பக்கம் நின்றது. நம்மூரிலும் பலர் அந்தத் தீர்ப்பைக் கொண்டாடியிருப்பார்கள். 2024 மே மாதம் மேல்முறையீட்டில் அது கவிழ்ந்தது. கண்ணாடியில் தெரிவதுபோலத் திருப்பிவிட்டால் கண்டுபிடிக்க முடியாது என்பது கைபேசியிலேயே படத்தைக் கொடுத்துப் படத்தைத் தேடும் இந்தக் காலத்தில் வெறும் ஆசை.

உண்மையில் தன் மாற்றத்தை நம்புகிறவர் மூலத்தை மறைக்க மாட்டார். ஒபாமாவின் 'ஹோப்' சுவரொட்டியை வரைந்த ஷெப்பர்ட் ஃபேரி, தான் பயன்படுத்தியது வேறொரு படம் என்று முதலில் சொன்னார். அசோசியேட்டட் பிரஸ் நிறுவனத்துக்காக மேனி கார்சியா எடுத்த படம்தான் மூலம் என்பது வெளிவந்தபோது, ஆவணங்களை அழித்ததும் பொய்யாகச் சில உருவாக்கியதும் சேர்ந்தே வெளிவந்தன. 2012-இல் இரண்டாண்டு நன்னடத்தைக் கண்காணிப்பும் 25,000 டாலர் அபராதமும் விழுந்தன. படத்தைப் பயன்படுத்தியதற்கான சிவில் வழக்கு ஏற்கெனவே சமரசத்தில் முடிந்திருந்தது. தண்டனை கிடைத்தது மறைத்ததற்கு.

கடைசியாக யூடியூபில் கற்றுக்கொண்ட 'ஃபேர் யூஸ்'. அது அமெரிக்கச் சட்டம். நம்முடைய 52-ஆம் பிரிவில் தனிப்பட்ட பயன்பாடு, ஆராய்ச்சி, விமர்சனம், நடப்புச் செய்தி என்று விலக்குகள் எண்ணி வைக்கப்பட்டிருக்கின்றன. பழகிப் பார்க்க வரைவது அதில் அடங்கும், கண்காட்சியில் வைத்து விற்பது அடங்காது. அந்த அமெரிக்கச் சட்டத்திலும் காற்று திசைமாறிவிட்டது. பாடகர் பிரின்ஸை லின் கோல்ட்ஸ்மித் 1981-இல் எடுத்த படத்தை, ஓவியர் பார்த்து வரைவதற்காக ஒரே ஒருமுறை என்ற நிபந்தனையோடு 'வேனிட்டி ஃபேர்' இதழ் 1984-இல் 400 டாலருக்கு வாங்கியது. வரைந்தவர் ஆண்டி வார்ஹோல். ஒன்றோடு நிற்காமல் அவர் 16 படைப்புகள் செய்தார். 2016-இல் பிரின்ஸ் இறந்ததும் அவற்றில் ஒன்றைப் பத்திரிகை அட்டைக்குக் கொடுத்து வார்ஹோல் அறக்கட்டளை 10,000 டாலர் வாங்கியது. கோல்ட்ஸ்மித்துக்குக் காசும் இல்லை, பெயரும் இல்லை. 2023 மே மாதம் அமெரிக்க உச்ச நீதிமன்றம் 7-க்கு 2 என்ற கணக்கில் அவர் பக்கம் நின்றது. இரண்டு படமும் ஒரே வேலைக்கு, பத்திரிகையில் பிரின்ஸின் முகமாக, விலைபோகின்றன என்பதே அதன் வாதம். வார்ஹோல் வரைந்ததே குற்றம் என்று அது சொல்லவில்லை; அந்த 2016 வியாபாரத்தைப் பற்றி மட்டும் பேசியது.

இந்தத் தீர்ப்பு படைப்பாற்றலை நெரித்துவிடும் என்று நீதிபதி எலீனா கேகன் மறுப்புத் தீர்ப்பில் கடுமையாக எழுதினார். அந்தக் கவலையை நான் தள்ளிவிட மாட்டேன். கலை கலையிலிருந்துதான் பிறக்கிறது. ரிச்சர்ட் பிரின்ஸ் என்ற ஓவியர் பாட்ரிக் கேரியூவின் புகைப்படங்களை எடுத்தாண்ட 30 படைப்புகளில் 25 நியாயமானவை என்று 2013-இல் மேல்முறையீட்டு நீதிமன்றமே ஏற்றுக்கொண்டது. ஆனால் நம் கண்காட்சிகளில் தொங்கும் சுருக்கம் விழுந்த முண்டாசுக் கிழவருக்கும், கோயில் யானைக்கும், சந்தையில் பூக்கட்டும் பெண்ணுக்கும் இந்த வாதத்தில் இடமில்லை. அவற்றின் பெருமையே "அப்படியே போட்டோ மாதிரி இருக்கே" என்ற பாராட்டுதான். விற்கும்போது அச்சு அசல், கேள்வி வந்தால் நிறைய மாற்றியிருக்கிறேன் என்று இரண்டு பக்கமும் பேச முடியாது.

ஏழை ஓவியர் வயிற்றில் அடிக்காதீர்கள் என்பது கடைசி அஸ்திரம். எதிரே நிற்கும் போட்டோகிராபர் பெரும்பாலும் அவரைவிடப் பணக்காரர் இல்லை. கல்யாணத்துக்கும் காதுகுத்துக்கும் போய்வந்த காசில் லென்ஸுக்குத் தவணை கட்டுகிறவர். பெயரைக் கீழே போடுவது அவருக்கான மரியாதை, சரி. அந்த மரியாதையை வைத்து அவர் தவணை கட்ட முடியாது. பெயர் போடுவது ஒன்று, அனுமதி கேட்பது இன்னொன்று.

வழிகள் இல்லாமலா போய்விட்டன? கேட்டால் பலர் கொடுக்கிறார்கள், சிலர் சிறு தொகை கேட்பார்கள். கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமத்தில் ஏராளமான படங்கள் இருக்கின்றன; வணிகத்துக்கு அனுமதி உண்டா என்ற வரியை மட்டும் படித்துவிட வேண்டும். காலமான அப்பாவின் ஸ்டூடியோ படத்தைக் கொண்டுவந்து பெரிதாக வரையச் சொல்லும் வாடிக்கையாளர் விஷயத்தில் பெரிதாகப் பயப்பட வேண்டாம்: காசு கொடுத்து எடுக்கச் சொன்ன படத்தின் முதல் உரிமை, வேறு ஒப்பந்தம் இல்லாவிட்டால், எடுக்கச் சொன்னவருக்குத்தான். எல்லாவற்றிலும் சிறந்தது நீங்களே எடுப்பது. அமெரிக்க ஓவியர் நார்மன் ராக்வெல் புகைப்படத்தைப் பார்த்தே வரைந்தவர். அக்கம்பக்கத்தாரை நிறுத்தி, முகபாவம் சொல்லிக்கொடுத்து, உதவியாளரை வைத்து எடுத்த படங்கள் அவை. கோணமும் ஒளியும் அவர் தீர்மானித்தவை என்பதால் ஓவியமும் முழுசாக அவருடையதானது.

இன்று செயற்கை நுண்ணறிவு தங்கள் ஓவியங்களைக் கேட்காமல் விழுங்கிவிட்டது என்று ஓவியர்கள் கொதிக்கிறார்கள். கொதிப்பு நியாயமானது. ஆனால் அந்த நிறுவனங்கள் சொல்லும் பதிலைக் கேளுங்கள்: நெட்டில் கிடந்தது, அப்படியே எடுக்கவில்லை, மாற்றித்தான் தருகிறோம். நாம் போட்டோகிராபரிடம் சொன்ன அதே மூன்று வாக்கியங்கள். அவரிடம் அவற்றைச் சொல்லிவிட்டு இவர்களிடம் நியாயம் கேட்டால் யார் மதிப்பார்கள்?

ஆகவே கண்காட்சி நடத்துகிறவர்களுக்கும் போட்டி வைக்கிறவர்களுக்கும் ஒரு கோரிக்கை. விண்ணப்பப் படிவத்தில் ஓவியத்தின் அளவு, ஊடகம், விலை என்று கேட்கிறீர்கள். அதற்குக் கீழே இன்னொரு வரி சேருங்கள்: புகைப்படத்தைப் பார்த்து வரைந்ததா, எடுத்தவர் யார், அனுமதிக் கடிதம் எங்கே? அந்த வரியை நிரப்ப முடியாத ஓவியத்துக்குப் பரிசும் வேண்டாம், விலைச்சீட்டும் வேண்டாம்.