சின்ன நாயின் முதற் பிரசவம்: தீவில் ஆயத்தம் முந்தியே வேண்டும்

தீவில் வாழும் நாம் எதையும் வள்ளத்தின் நேரம் பார்த்தே செய்யப் பழகியவர்கள். அரிசியும் மாவும் முடியுமுன்னரே வாங்கி வைப்போம். சுகமில்லாதவரைக் கடைசி வள்ளம் வெளிக்கிடுமுன் இறங்குதுறைக்குக் கொண்டுபோவோம். கர்ப்பிணித் தாய்மாரை நாள் நெருங்குமுன்னரே யாழ்ப்பாணப் பக்கம் உறவினர் வீட்டில் விட்டுவைப்பது நெடுந்தீவில் வழக்கம். ஆனால் முற்றத்தில் நிற்கும் நாயின் விடயத்தில் இந்த முன்யோசனை பலரிடம் இல்லை. "நாய் தன்பாட்டில் குட்டி போடும், அதற்கென்ன ஆயத்தம்?" என்று இருந்துவிடுகிறார்கள். ஊர் நாய்க்கு இது பெரும்பாலும் சரிவரும். சின்னச் சாதி நாய்க்கு, அதுவும் முதற் பிரசவத்துக்கு, இது சரிவராது என்பதே எமது கருத்து.

வீடு வாசல் இழந்து திரும்பவும் தொடங்குகிற மக்களுக்கு நாயைப் பற்றி எழுதுவதா என்று சிலர் கேட்கலாம். 1990, 1991 காலத்தில் தீவகத்தை விட்டும், 1995 ஒக்டோபர் 30இல் வலிகாமத்தை விட்டும், 2008, 2009இல் வன்னிக்குள்ளும் எமது மக்கள் இடம்பெயர்ந்தபோது மாட்டை அவிழ்த்துவிட்டு, நாயை முற்றத்தில் விட்டுவிட்டுத்தான் வந்தார்கள். அன்று வேறு வழி இருக்கவில்லை. இன்று ஒரு சீவனை விரும்பி வீட்டுக்குள் எடுக்கிறோம். பட்டணத்திலிருந்து உறவினர் கொண்டுவந்து கொடுத்த பொமரேனியனாகவோ, அதன் கலப்பாகவோ இருக்கலாம். எடுத்தபின் அதன் பாடு எமது பொறுப்பு. அதன் குட்டிகளின் பாடும் அப்படியே.

குட்டி வேண்டுமா?

முதலில் இதைத் தீர்மானிக்க வேண்டும். சின்ன நாய் ஆறு மாதம் தொடக்கம் ஒரு வயதுக்குள் முதன்முறை பருவத்துக்கு வரும். அந்தப் பருவம் ஏறத்தாழ மூன்று கிழமை நிற்கும். அந்த நாட்களில் வேலியும் படலையும் போதாது. நாயை வீட்டுக்குள் வைத்திருக்க வேண்டும். முதற் பருவத்தில் அதன் உடம்பே வளர்ந்து முடிந்திருக்காது. அதில் குட்டி போட விடுவது நல்லதல்ல. பெரிய கடுவனுடன் சேரவிட்டால் குட்டியின் தலை பெரிதாகித் தாயின் இடுப்பு எலும்பில் இறுகிவிடக்கூடும்.

குட்டிகளை ஏற்க ஆட்கள் இல்லையென்றால் கருத்தடைச் சத்திரசிகிச்சையே சிறந்தது. குட்டி தங்காமல் இருப்பதற்கென்று போடப்படும் ஊசியைப் பலர் இலகு வழியாக நினைக்கிறார்கள். திரும்பத் திரும்பப் போட்டால் கருப்பையில் சீழ் கட்டலாம். ஏற்கெனவே சினைப்பட்ட நாய்க்குப் போட்டால் நாள் வந்தும் பிரசவம் தொடங்காமல் தாயும் குட்டியும் ஆபத்துக்குள்ளாகலாம். மிருக வைத்தியர் பாராமல் அந்த ஊசியைப் போடுவிக்க வேண்டாம்.

நாளைக் குறித்து வையுங்கள்

மாடு வளர்த்த கைகளுக்குச் சினைக் கணக்குப் புதிதல்ல. மாட்டுக்கு ஒன்பது மாதத்துக்கு மேல். நாய்க்கு ஏறத்தாழ 63 நாள். இணைசேர்ந்த நாளிலிருந்து 58க்கும் 68க்கும் இடையில் குட்டி பிறக்கும். ஒக்டோபர் 1இல் சேர்ந்ததென்றால் நவம்பர் 28 தொடக்கம் டிசெம்பர் 8 வரை எந்நாளும் பிரசவ நாளாகலாம். அதுவோ வாடைக்காற்று வீசும் காலம். குறிகட்டுவானுக்கு வள்ளம் ஓடும் நாளிலேயே கடலில் ஒரு மணித்தியாலம் போகும். அங்கிருந்து புங்குடுதீவு, வேலணை கடந்து யாழ்ப்பாணம் போக இன்னும் ஒரு மணித்தியாலத்துக்கு மேலாகும். கடல் கொந்தளித்தால் அதுவும் இல்லை. ஆகையால் எந்த மாதத்தில் குட்டி பிறக்கும் என்பதை இணைசேருமுன்னரே எண்ணிப்பார்க்க வேண்டும்.

நாலாம், ஐந்தாம் கிழமையில் நாயை ஒருமுறை மிருக வைத்தியரிடம் காட்டுங்கள். ஸ்கான் பார்த்தால் சினையோ இல்லையோ தெரியும். எட்டாம் கிழமையளவில் எக்ஸ்றே எடுத்தால் குட்டிகளை எண்ணலாம். சின்ன நாய்க்குப் பெரும்பாலும் ஒன்று தொடக்கம் நாலு குட்டிதான். ஒரே குட்டியென்றால் மகிழ்ந்துவிடக் கூடாது. தனிக்குட்டி பெரிதாய் வளர்ந்து வழியில் சிக்குவது உண்டு. குட்டி ஒன்றென்றோ மிகப் பெரிதென்றோ வைத்தியர் சொன்னால், குறித்த நாளுக்கு ஒரு கிழமை முன்னரே நாயைக் கடல் கடத்தி உறவினர் வீட்டில் வைத்திருப்பதே புத்தி.

தீனியும் இடமும்

முதல் ஒரு மாதம் வழக்கமான தீனி போதும். அதன்பின் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டி, வயிறு பெருத்தபின் சிறு சிறு அளவாக நாளுக்கு மூன்று நாலு தடவை கொடுங்கள். சோறு மட்டும் போதாது. முள் நீக்கிய மீன், முட்டை, இறைச்சி சேரவேண்டும். சத்தென்று நினைத்துக் கல்சியம் குளிசையோ மருந்தோ சினைக் காலத்தில் கொடுக்கவேண்டாம். வெளியிலிருந்து தாராளமாகக் கிடைத்தால் உடம்பு தன் எலும்பிலிருந்து எடுக்கும் பழக்கத்தை விட்டுவிடும்; பால் சுரக்கும் நேரத்தில் அதுவே கேடாகும்.

குட்டி போடும் இடத்தைப் பத்து நாளுக்கு முன்னரே ஆயத்தப்படுத்திப் பழக்குங்கள். தாய் நீட்டிப் படுக்கக்கூடிய பலகைப் பெட்டி போதும். சுவர் குட்டி வெளியே விழாத உயரமும் தாய் இலகுவாகத் தாண்டும் உயரமுமாக இருக்கட்டும். அடியில் சாக்கு, மேலே துவைத்துக் காயவைத்த பழைய சாறத் துண்டுகள். சின்னக் கடகம் ஒன்று, சுத்தமான நூல், கத்தரிக்கோல், உடம்புச் சூடு பார்க்கும் கருவி, ரோச் லைற், சமையல் தராசு, மிருக வைத்தியரின் தொலைபேசி எண், இரவில் கடலில் இறங்கக்கூடிய வள்ளக்காரரின் எண் ஆகியவை ஒரே இடத்தில் இருக்கவேண்டும். கடைசி இரண்டும் மற்றெல்லாவற்றையும் விட முக்கியம்.

பிரசவ வேளை

58ஆம் நாளிலிருந்து காலையும் மாலையும் ஆசனவாயில் சூடு பாருங்கள். வழக்கமாக 38 பாகை செல்சியசுக்கு மேல் நிற்பது 37 பாகையளவுக்கு இறங்கினால், பெரும்பாலும் ஒரு நாளுக்குள் பிரசவம். தீவில் இருப்பவருக்கு இந்தக் கருவி பெரிய உதவி. வள்ளம் போகுமுன்னரே செய்தி சொல்லிவிடும்.

முதற்கட்டத்தில் நாய் இருப்புக்கொள்ளாது, நடுங்கும், இளைக்கும், துணியைப் பிறாண்டும், தீனி தள்ளும். இது ஆறு தொடக்கம் பன்னிரண்டு மணித்தியாலம். முதற் பிரசவத்தில் ஒரு நாளும் ஆகலாம். ஊர்ச்சனம் கூடிநின்று பார்க்க வேண்டாம். பழகிய ஒருவர் மட்டும் பக்கத்தில் இருந்தால் போதும். பிறகு முக்கத் தொடங்கும். குட்டி பிறந்ததும் தாயே பையைக் கிழித்து, நக்கி, கொடியைக் கடித்துவிடும். முதன்முறைத் தாய் திகைத்து நின்றால் நாம் பையைக் கிழித்து, மூக்கையும் வாயையும் துடைத்து, துணியால் குட்டியைத் தேய்க்க வேண்டும். பசுவின் இளங்கொடியைச் சாக்கில் கட்டி ஆலமரத்தில் தூக்கியவர்கள் நாம். நாயோ தன் கொடியைத் தானே தின்னும். அதில் பயப்பட ஒன்றுமில்லை. ஆனால் கொடியை இழுக்கக் கூடாது.

பின்வரும் குறிகளில் ஒன்றைக் கண்டாலும் விடியட்டும் என்று காத்திராமல் உடனே வைத்தியருக்குச் சொல்லுங்கள்:

பலமாக முக்கி அரை மணித்தியாலம் கடந்தும் குட்டி வராமை.

உள்ளே இன்னும் குட்டி இருக்க, இரண்டு மணித்தியாலம் கடந்தும் அடுத்தது வராமை.

முதற்குட்டி பிறக்குமுன்னரே கரும்பச்சை நீர் போதல்.

சூடு இறங்கி ஒரு நாள் கடந்தும் பிரசவம் தொடங்காமை.

68 நாள் கடந்துவிடுதல்.

இந்த வேளையில் யாராவது 'வலி ஊசி' கொண்டுவந்தால் போடவிட வேண்டாம். குட்டி சிக்கியிருக்க அந்த ஊசி போட்டால் கருப்பையே கிழியலாம். சத்திரசிகிச்சை என்று வந்தால் பெரும்பாலும் கடல் கடக்கத்தான் வேண்டும். அதற்கான பணத்தையும் முன்னரே ஒதுக்கி வைக்கவேண்டும்.

பிறந்த பின்

முதல் நாளுக்குள் ஒவ்வொரு குட்டியும் கடும்புப்பால் குடித்துவிட வேண்டும். முதல் இரண்டு கிழமையும் குட்டியால் தன் உடம்புச் சூட்டைக் காக்க முடியாது. மழைக்குளிரில் துணி சுற்றிய சுடுநீர்ப் போத்தலைப் பெட்டியின் ஒரு பக்கம் வையுங்கள்; சூடு கூடினால் குட்டி மறுபக்கம் நகர இடம் இருக்கட்டும். குளிர்ந்துபோன குட்டிக்குப் பால் பருக்க வேண்டாம், முதலில் சூடாக்குங்கள். நாளும் நிறுத்துப் பாருங்கள்: பத்து நாளளவில் பிறந்த நிறை இரட்டிக்க வேண்டும். கண்ணும் அந்த நாட்களில்தான் திறக்கும்.

தாய்க்கு இப்போது வழக்கத்தைவிட இரண்டு மூன்று மடங்கு தீனியும் எந்நேரமும் நல்ல தண்ணீரும் வேண்டும். உவர்க் கிணறு உள்ள வீட்டார் இதைக் கவனிக்க வேண்டும். இரண்டாம் கிழமை தொடக்கம் நாலாம் கிழமைக்குள் தாய் நடுங்கி, கால் விறைத்து, இளைத்தால் அது கல்சியம் குறைந்த வலிப்பு. சின்ன நாய்களுக்கு இது அதிகம். குட்டிகளைப் பிரித்துவிட்டு உடனே வைத்தியரிடம் போகவேண்டும். மணித்தியாலக் கணக்கில் உயிர் போகும்.

குட்டிகளுக்கும் தாய்க்கும் இரண்டாம் கிழமையிலிருந்து பூச்சிமருந்து கொடுக்க வேண்டும். நாயின் வட்டப்புழு மண்ணில் விளையாடும் பிள்ளைகளுக்கும் தொற்றும். விசர்நாய்க்கடி நோய்க்கான தடுப்பூசி தாய்க்கும், வயது வந்ததும் குட்டிகளுக்கும் கட்டாயம். எட்டுக் கிழமைக்கு முன் குட்டியைத் தாயிடமிருந்து பிரிக்க வேண்டாம்.

ஊராகச் செய்யவேண்டியது

இலங்கையில் 2006இலிருந்து தெருநாய்களைக் கொல்வதை நிறுத்தி, தடுப்பூசியும் கருத்தடையும் வழியாகக் கொள்ளப்பட்டது. அது நடக்கவேண்டுமென்றால் வீட்டுக்காரரும் தம் பங்கைச் செய்ய வேண்டும். வேண்டாத பெட்டைக் குட்டியைச் சாக்கில் கட்டி இறங்குதுறையிலோ கடற்கரையிலோ விடுவது தீர்வல்ல. தப்பும் குட்டி ஒரு வருடத்துக்குள் தானும் குட்டி போடும். பட்டினி நாய்கள் கூட்டமாய்ச் சேர்ந்தால் அயலவனின் ஆட்டுக்குட்டிக்கும் கோழிக்கும்தான் நட்டம். மீளக்குடியேறி இரண்டு ஆட்டோடு தொடங்கிய குடும்பத்துக்கு அந்த நட்டம் சின்னதல்ல.

ஆகவே மாதர் சங்கங்களும் கிராம அபிவிருத்திச் சங்கங்களும் சேர்ந்து, கடல் அமைதியாக இருக்கும் மாதம் ஒன்றில் கருத்தடைக்கும் தடுப்பூசிக்கும் ஒரு நாளைக் கால்நடை வைத்திய அலுவலகத்திடம் எழுத்தில் கேட்கவேண்டும். எத்தனை வீட்டில் எத்தனை பெட்டை நாய் என்ற கணக்கை முன்னரே எடுத்துக் கொடுத்தால் வருபவர்களுக்கும் இலகு. அந்த நாள் வரும்வரை, சினைப்பட்ட நாய் வைத்திருப்பவர் இன்றே நாட்காட்டியை எடுத்து 63 நாளை எண்ணிக் குறித்து வைக்கட்டும்.