நிழல் விழுந்தது... நாம்தான் பார்க்கவில்லை!



டூர் என்றதும் நமக்கு ஞாபகம் வருவது என்ன? பஸ்ஸில் போட்ட ஆட்டம், கடைசி சீட்டுக் கச்சேரி, தூங்கினவன் முகத்தில் வரைந்த மீசை! "போன இடத்துல என்னடா பாத்தே?" என்று வீட்டில் கேட்டால் மட்டும், "கோயில்தான்... ரொம்பப் பெரிசா இருந்துச்சு" என்று இழுப்போம். மூன்று மாதம் பணம் சேர்த்து, பிரின்சிபாலிடம் கெஞ்சிப் போன பயணத்தின் மிச்சம் இவ்வளவுதானா? இதற்கு யார் பொறுப்பு? பாதி நாம். மீதிப் பாதி, நமக்கு முன்னால் விறுவிறுவென்று நடந்துபோன கைடு என்பது என் கருத்து.

வெறுமனே சொல்லவில்லை. தஞ்சைப் பெரிய கோயிலுக்கு நம் கல்லூரிச் சுற்றுலாவில் நான் இரண்டு முறை போனேன். முதலாமாண்டில் ஒருமுறை, மூன்றாமாண்டில் ஒருமுறை. அதே கோயில், ஏறக்குறைய அதே பசங்க, அதே டிசம்பர். மாறியது கைடு ஒருவர் மட்டுமே. லேபில் ஒன்றை மட்டும் மாற்றி மற்றதை அப்படியே வைத்து ரீடிங் எடுப்போமே, அதுபோலத்தான்!

முதல் ரீடிங் இது. உச்சி வெயில். செருப்பில்லாத கால் சுட்டதால் எல்லோரும் விமானத்துக்கு வடக்கே நிழல் இருந்த இடமாகப் பார்த்து ஒதுங்கி நின்றோம். கைடு கணீரென்று ஆரம்பித்தார். "இந்தக் கோபுரத்தோட நிழல் தரையிலேயே விழாது. உச்சியில இருக்கிறது 80 டன், ஒரே கல்லு. அந்த நந்தி வளர்ந்துக்கிட்டே இருந்துச்சு, ஆணி அடிச்சு நிறுத்துனாங்க!" கை தட்டினோம். விசில்கூடப் பறந்தது. நாற்பது நிமிடத்தில் கோயில் முடிந்தது. அடுத்த ஒரு மணி நேரம், அவர் அழைத்துப் போன தலையாட்டி பொம்மைக் கடையில்! கமிஷன் விஷயம் பிறகுதான் புரிந்தது.

நண்பர்களே, இப்போது நினைத்தால் சிரிப்பும் வருகிறது, வெட்கமும் வருகிறது. நிழல் விழாது என்று அவர் சொன்னபோது நாங்கள் நின்றுகொண்டிருந்ததே அந்த விமானத்தின் நிழலில்தான்! டிசம்பரில் சூரியன் தெற்கே சாய்ந்திருக்கும். உச்சிவேளையிலும் நிழல் வடக்கே நீளும். கோடையில் சூரியன் ஏறக்குறைய தலைக்கு மேலே வரும்போது, அகன்ற அடித்தளத்துக்குள்ளேயே நிழல் அடங்கிவிடும். மேலே குறுகி அடியில் அகன்ற எந்தக் கட்டடத்துக்கும் இது பொருந்தும். சர்வே தியரி படித்த சிவில் பசங்க நாற்பது பேர் நின்றோம். ஒருத்தனும் காலடியைக் குனிந்து பார்க்கவில்லை. பார்த்திருந்தால் ஒரு குச்சியை நட்டு, அதன் நிழலையும் விமானத்தின் நிழலையும் ஒப்பிட்டு, 216 அடி என்கிற உயரத்தை நாமே சரிபார்த்திருக்கலாம். நிழலே கிடையாது என்று நம்பியதால் அந்தக் கணக்கும் போச்சு!

இரண்டாவது ரீடிங். இந்த முறை வந்தவர் ஓய்வு பெற்ற தமிழாசிரியர். கழுத்தில் அரசு கொடுத்த அடையாள அட்டை. வாசலிலேயே நிறுத்தினார். "தம்பிகளா, வர்ற வழியில ஏதாவது மலையைப் பாத்தீங்களா?" என்றார். "இல்லை சார், வயல்தான்." "அப்ப இவ்வளவு கருங்கல்லும் எங்கேருந்து வந்துச்சு? எப்படி மேல ஏறுச்சு?" அவ்வளவுதான் கேட்டார். சிவிலுக்கும் மெக்கானிக்கலுக்கும் அங்கேயே சண்டை மூண்டது. சாரம் என்றான் ஒருவன், சாய்தளம் என்றான் இன்னொருவன், யானை என்றான் மூன்றாமவன். அவர் சிரித்துக்கொண்டே கேட்டுக்கொண்டிருந்தார்.

பிறகுதான் ஒவ்வொன்றாகச் சொன்னார். உச்சிச் சிகரம் ஒரே கல் இல்லை, பல கற்களை இணைத்து அமைத்தது என்று ஆய்வாளர்கள் விளக்கியிருக்கிறார்கள். நந்தி சோழர் வைத்ததல்ல, நாயக்கர் காலத்தது. உள்ளே நாயக்கர் கால ஓவியத்துக்கு அடியில் சோழர் ஓவியம் மறைந்திருப்பதை 1931-இல் கண்டு வெளியே சொன்னவர் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்து எஸ்.கே. கோவிந்தசாமி. ஆணிக் கதையைவிட இது எவ்வளவு பெரிய ஆச்சரியம்!

கடைசியாகக் கல்வெட்டுக்கு வந்தார். 1010-இல் குடமுழுக்குக் கண்ட இந்தக் கோயிலில் ஆடப் பல ஊர்களிலிருந்து வந்த 400 பெண்களின் பெயர், ஊர், குடியிருந்த வீடு எல்லாம் கல்லில் இருக்கிறதாம். குயவர், வண்ணார், நாவிதர், தையற்காரர், தச்சர் என்று வேலை செய்தவர்களுக்கான பங்கும் இருக்கிறதாம். "கட்டினது யாருன்னு கேட்டா ராஜராஜன்னு சொல்லுவீங்க. வேலை பார்த்தவன் பேரும் இருக்கு, தெரியுமா? குஞ்சரமல்லன். ராஜா தன் பேரையே கொடுத்து, ராஜராஜப் பெருந்தச்சன்னு வெட்டி வெச்சிருக்கார்" என்றார்.

பஸ்ஸே அமைதியானது அன்றைக்குத்தான். நாளைக்கு நாமும் யாருடைய கட்டடத்திலோ, யாருடைய மெஷினிலோ வேலை பார்க்கப் போகிறவர்கள்தானே? திறப்பு விழாக் கல்லில் நம் பெயர் வராது என்று தெரிந்தே படிக்கிறவர்கள்தானே? ஆயிரம் வருடத்துக்கு முந்தைய நம் சீனியர் ஒருவனின் பெயர் சுவரில் இருக்க, முதலாமாண்டில் நாம் அவனைத் தாண்டி பொம்மை வாங்க ஓடியிருக்கிறோம்!

அதற்காக அந்த முதல் கைடைத் திட்டவா இதை எழுதுகிறேன்? இல்லை. மூன்றாமாண்டுப் பயணத்தில் வெளியே டீக்கடையில் அவரை மறுபடி பார்த்தேன். தயங்கித் தயங்கி நிழல் விஷயத்தைக் கேட்டேன். அவர் கோபப்படவில்லை. "தம்பி, நானும் மொதல்ல கல்வெட்டுதான் காட்டுனேன். எவன் நிக்கிறான்? நிழல் கதை சொன்னாத்தான் கை தட்டுறாங்க. சீசன் போனா வருமானம் கிடையாது. நீங்க பேரம் பேசிக் குறைக்கிற காசை அந்தக் கடைக்காரன்தான் தர்றான்" என்றார். சுருக்கென்றது. முதலாமாண்டில் பேரம் பேசிப் பாதியாகக் குறைத்ததும் நாங்கள்தான், விசிலடித்ததும் நாங்கள்தான்!

கைடு நம்மை நடத்துகிறார், உண்மை. எதைப் பார்ப்பது, எங்கே நிற்பது, எதைத் தாண்டிப் போவது எல்லாம் அவர் கையில். ஆனால் அந்தக் கைடு எப்படிப்பட்டவர் ஆகிறார் என்பது நம் கையில் இருக்கிறது. நாம் கைதட்டுவதைத்தான் அவர் அடுத்த குரூப்புக்கும் சொல்வார்.

எனவே நம் மாணவர் பேரவைக்கு என் யோசனைகள் சில. டூர் பட்ஜெட்டில் பஸ்ஸுக்கும் சாப்பாட்டுக்கும் ஒதுக்குகிற மாதிரி கைடுக்கும் ஒரு தொகை ஒதுக்குங்கள். அரசு அனுமதி பெற்ற நல்லவரை முன்கூட்டியே பேசி வையுங்கள். கடைக்கு வரமாட்டோம் என்பதையும் அப்போதே சொல்லிவிடுங்கள். எண்பது பேரை ஒரே கூட்டமாக ஓட்டாமல் இருபது இருபதாகப் பிரியுங்கள். பின்னால் நிற்பவனுக்கும் காது கேட்கட்டும். ஒவ்வொரு டிபார்ட்மெண்டும் கிளம்புமுன் மூன்று கேள்விகளாவது எழுதி எடுத்து வரட்டும்.

ஜூனியர் நண்பர்களே, அடுத்த டிசம்பரில் உங்கள் பஸ் தஞ்சைக்குப் போனால் யாராவது நிழல் கதையைச் சொல்லக்கூடும். சண்டை போடாதீர்கள். மரியாதையாகக் கேட்டுவிட்டு, ஒரே ஒருமுறை குனிந்து தரையைப் பாருங்கள். பிறகு, "ஐயா, குஞ்சரமல்லன் பேரு எந்தச் சுவத்துல இருக்கு?" என்று கேளுங்கள். அந்தக் கைடின் முகம் மலர்வதையும் பார்ப்பீர்கள்!

– மூன்றாமாண்டு மாணவன், அமைப்பியல் துறை