நிழற்படத் திருத்தமும் நமது பணப்பையும்

ஆண்டு விழா, விளையாட்டு விழா, கல்விச் சுற்றுலா என எதுவானாலும் இன்று நம்மிடம் நூற்றுக்கணக்கில் படங்கள் சேர்ந்துவிடுகின்றன. முன்பெல்லாம் 36 படங்கள் கொண்ட ஒரு பிலிம் சுருளை எண்ணி எண்ணிச் செலவிட்டார்கள். இன்றோ கைப்பேசியும் டிஜிட்டல் கேமராவும் எடுக்க எடுக்கக் குறையாத அட்சயபாத்திரமாகிவிட்டன. எடுப்பது எளிது, எடுத்ததைச் செப்பனிடுவதில்தான் சிக்கல். எந்த மென்பொருளைக் கொள்வது, அதற்கு எவ்வளவு செலவிடுவது என்ற வினா மலர்க்குழுவினர்முன் மட்டுமன்று, பிள்ளைக்குக் கேமரா வாங்கித் தந்த பெற்றோர்முன்னும் நிற்கிறது.

படத்திருத்தம் என்றதும் நாவில் முதலில் வருவது போட்டோஷாப்தான். தாமஸ் நோல், ஜான் நோல் என்னும் சகோதரர்கள் உருவாக்க, அடோபி நிறுவனம் 1990-ல் அதை வெளியிட்டது. அதன் திறமையை நாம் குறைத்துக் கூறவில்லை. ஆனால் 2013-ல் அந்நிறுவனம் சந்தா முறைக்கு மாறியது. அதன் பின் வந்த பதிப்புகளை ஒருமுறை விலை கொடுத்துச் சொந்தமாக்கிக்கொள்ள இயலாது. தொடர்ந்து வாடகை கட்டவேண்டும். வாடகை நின்றால் கதவு சாத்தப்படும். ஆண்டுக்கொரு மலரும் நான்கைந்து விழாக்களும் உள்ள நமக்கு இது எதற்கு? ஒருநாள் விருந்துக்கு வேண்டிய அண்டாவுக்காகப் பாத்திரக்கடையையே குத்தகைக்கு எடுப்பாருண்டோ?

“அதனாலென்ன, கணினிக் கடை அண்ணன் சும்மாவே போட்டுத் தருவாரே!” என்று நம் தோழியர் சிலர் கூறுவதுண்டு. அது சும்மா கிடைப்பதன்று, களவு. பூட்டுடைத்த அப்பிரதிகளோடு வைரஸும் வீட்டுக்குள் நுழைவதுண்டு என்பது வேறு. வகுப்பில் பிறர் விடையைப் பார்த்தெழுதுவதைக் குற்றம் என்று சொல்லும் நாம், இதை மட்டும் சாமர்த்தியம் என்று சொல்வது எங்ஙனம்?

நேர்வழியில் செல்ல எண்ணுவோர்க்கு ‘ஜிம்ப்’ இருக்கிறது. அமெரிக்காவில் பெர்க்லியில் உள்ள கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தில் படித்துக்கொண்டிருந்த ஸ்பென்சர் கிம்பல், பீட்டர் மாட்டிஸ் என்ற இரு மாணவர்கள் 1995-ல் இதைத் தொடங்கினார்கள். அடுத்த ஆண்டே உலகுக்கு அளித்தார்கள். மாணவர் கையில் பிறந்தது என்பதால் நமக்கு அதன்மேல் கொஞ்சம் பாசம் உண்டு என்பதையும் மறைப்பானேன்! அடுக்கடுக்காகப் படங்களை வைத்து வேலை செய்வது, கறையை நீக்குவது, வெளிச்சத்தைக் கூட்டிக் குறைப்பது எல்லாம் அதில் இயலும். 2025-ல் வந்த 3.0 பதிப்பில், போட்ட விளைவைப் பின்னர் திரும்பிவந்து மாற்றவும் வழி செய்திருக்கிறார்கள். முதல் வாரம் தலை சுற்றும் என்பது உண்மைதான். மிதிவண்டி பழகும்போது முழங்கால் சிராய்க்காதவர் யார்?

கேமராவில் ‘ரா’ கோப்பாக எடுப்போர் இன்னொன்றும் அறியவேண்டும். சாதாரண ஜேபெக் படம் ஒவ்வொரு வண்ணத்துக்கும் 256 படிகளையே கொண்டது. 14 பிட் ரா கோப்பிலோ 16,384 படிகள். உச்சி வெயிலில் அணிவகுப்பு எடுத்தால் நம் வெள்ளைச் சீருடையின் மடிப்புகள் தெரியாமல் வெறும் சுண்ணாம்புச் சுவராகப் பதிந்துவிடுகிறதே, அதை ஓரளவேனும் மீட்க ரா கோப்பே உதவும். அதைத் திறக்க ‘டார்க்டேபிள்’, ‘ரா தெரபி’ இரண்டும் காசின்றிக் கிடைக்கின்றன. மூலப்படத்தைத் தொடாமல், செய்த திருத்தங்களைத் தனியே குறித்துவைப்பது இவற்றின் நற்குணம். டார்க்டேபிளுக்குச் சற்று வலுவான கணினி வேண்டும். கைப்பேசியோடு நிற்பவர்க்கு ஸ்னாப்சீட் போதும்.

விலையில்லாதது வேறு, கட்டற்றது வேறு. கூகுளின் பிகாசா பல வீடுகளில் விலையின்றிப் பயன்பட்டது. 2016-ல் நிறுவனம் நிறுத்திவிட்டது. 2015-ல் ஒரே விலைக்கு வந்த அபினிட்டி போட்டோ, 2024-ல் கான்வா நிறுவனத்தின் கைக்கு மாறி, 2025-ல் விலையின்றிக் கிடைக்கலாயிற்று. மகிழ்ச்சியே. எனினும் கொடுத்த கை நாளை மனம் மாறினால் நாம் செய்வதற்கொன்றுமில்லை. ஜிம்ப் போன்ற கட்டற்ற மென்பொருளின் மூலநிரல் எல்லோர்க்கும் உரியது. ஒருவர் விட்டாலும் மற்றொருவர் எடுத்து நடத்தலாம். ஆதலால் பள்ளிக் கணினிக்கு அதுவே தகுந்தது என்பது நம் கருத்து. மாணவியர் படங்களை ஊர்பேர் தெரியாத ‘இலவச’ இணையத்தளங்களில் ஏற்றித் திருத்துவதை நாம் அறவே ஏற்கவில்லை.

கடைசியாக, காசை விட நம் மனத்தை உறுத்துவது ஒன்றுண்டு. ஒரே தட்டலில் முகத்தை வெளுப்பாக்கும் பொத்தான் இன்று கைப்பேசிச் செயலிகள் பலவற்றிலும் இருக்கிறது. அந்நாளில் ஸ்டூடியோக்காரர் நெகட்டிவில் பென்சிலால் ‘டச்சப்’ செய்தபோது பருவும் சுருக்கமும் மறைந்தன, ஆள் மாறவில்லை. இன்றோ வகுப்புப் படத்தில் நாற்பது பேரும் ஒரே மாவில் பிடித்த கொழுக்கட்டைபோல் வந்து நிற்கிறோம். கோ-கோ ஆடி வெயிலில் கறுத்த தோழியின் நிறம் அவள் உழைத்துப் பெற்றது. அதைத் துடைத்தெடுக்க நமக்கு உரிமை தந்தவர் யார்? பிறந்த நிறத்துக்கும் இதே கேள்விதான். ஜிம்ப்பின் ‘லெவல்ஸ்’ பகுதியில் வெண்மையைக் குறிக்கும் சிறு துளிக்குழாய் உண்டு. அதனால் சீருடையின் வெள்ளையைத் தொட்டால் விளக்கொளியின் மஞ்சள் பெரும்பாலும் அகலும். முகங்கள் தத்தம் நிறத்துக்குத் திரும்பும். அதற்குமேல் முகத்தில் கைவைக்காமல் அச்சகத்துக்கு அனுப்பிவிடலாம்.