இளங்குதிரையைக் கையில் பிடித்து நடத்தும் முறை

"குதிரை குணமறிந்துதான் தம்பிரான் கொம்பு கொடுக்கவில்லை" என்னும் பழமொழியை அறியாதவர் நம் கிராமங்களில் இலர். குதிரை இயல்பிலேயே துஷ்டப் பிராணி என்றும், அதற்குக் கொம்பும் இருந்துவிட்டால் உலகம் தாங்காது என்றும் இதற்குப் பொருள் கூறுவர். இப்பழமொழி நகைப்பதற்கு உதவுமேயன்றிக் குதிரை பழக்குவோருக்கு வழிகாட்டியாகாது. குதிரை எதிர்த்து நின்று போராடும் பிராணியன்று, ஓடித் தப்பும் பிராணி என்பதே உண்மை. இளங்குதிரை துள்ளுவதும், முன்னங்கால்களைத் தூக்கி நிமிர்வதும், பிடித்திருப்பவனை இழுத்துக்கொண்டு ஓடுவதும் பெரும்பாலும் அச்சத்தின் செயல்கள். அச்சத்தைத் துஷ்டத்தனமென்று எண்ணி அடிப்பதனால்தான் நல்ல குட்டிகள் பல கெட்டுப்போகின்றன. சேணம் வைப்பதற்கும் வண்டியில் பூட்டுவதற்கும் முன்னர், மாதக்கணக்காகக் கையில் பிடித்து நடத்துவதே இளங்குதிரைக்கு முதற்பாடம் ஆகவேண்டும் என்பதும், அதற்குப் பொழுதில்லாதவர் இளங்குதிரை வாங்குவது தகாது என்பதும் எமது கருத்து.

பூவிருந்தவல்லி, ஆவடி, அம்பத்தூர் ஆகிய ஊர்களைச் சுற்றியுள்ள நிலக்கிழார்களுக்கு இவ்விஷயம் மிகவும் அவசியமானது. ஜட்கா வண்டிகளின் காலம் போய்விட்டது. எனினும் திருமண ஊர்வலத்திற்காகவும், சவாரிக்காகவும், ஆசைக்காகவும் குதிரை வளர்ப்போர் இன்றும் உளர். ஆடி மாதத்தில் அந்தியூர் குருநாதசுவாமி கோயில் திருவிழாச் சந்தையில் மார்வாரிக் குட்டியையோ கத்தியவார்க் குட்டியையோ கண்டு மயங்கி, விலை பேசி, லாரியில் ஏற்றிக்கொண்டு வருவோரும் உண்டு. ஆனால் அக்குட்டி வந்து இறங்கும் இடம் எத்தகையது? அம்பத்தூர் தொழிற்பேட்டையும் ஆவடியின் கனரக வாகனத் தொழிற்சாலையும் 1960களில் தோன்றிய பின்னர், முன்பு நெல்லும் ஏரியுமாயிருந்த இப்பகுதி முற்றிலும் மாறிவிட்டது. பெங்களூர் நெடுஞ்சாலையில் இரவும் பகலும் லாரிகள் ஓடுகின்றன. அரக்கோணம் பாதையில் மின்சார ரயில்கள் விரைகின்றன. இறுதி ஊர்வலங்களில் மேளமும் வெடியும் முழங்குகின்றன. அமைதியான இடத்தில் வளர்ந்த இரண்டு வயதுக் குட்டிக்கு இவை ஒவ்வொன்றும் புலியாகவே தோன்றும்.

பணம் மட்டும் இருந்து பழக்கும் அறிவு இல்லாவிடில் யாது நேரும் என்பதற்கு நம் நாட்டுச் சரித்திரமே சான்று. பதின்மூன்றாம் நூற்றாண்டின் இறுதியில் பாண்டிய நாட்டிற்கு வந்த வெனிஸ் நகரத்து வணிகர் மார்க்கோ போலோ, பாண்டிய மன்னர் ஆண்டுதோறும் இரண்டாயிரத்திற்கு மேற்பட்ட குதிரைகளைக் கடல் வழியாகப் பெரும்பொருள் கொடுத்து வாங்கினர் என்றும், ஆண்டு முடிவதற்குள் அவற்றில் நூறுகூட எஞ்சுவதில்லை என்றும் எழுதிவைத்தார். குதிரையைப் பேணும் வகையை இந்நாட்டார் அறியாமையே காரணம் என்பது அவர் கூற்று. அயல்நாட்டார் சொல்லில் மிகை இருக்கலாம். ஆயினும் அதில் நாம் கொள்ளத்தக்க பாடமும் இருக்கிறது. அவருக்கும் சுமார் ஆயிரத்து அறுநூறு ஆண்டுகளுக்கு முன்னர் கிரேக்க நாட்டில் வாழ்ந்த செனபோன் என்பார், குதிரையேற்றம் பற்றித் தாம் எழுதிய நூலில், குட்டியைக் கூட்டத்தின் நடுவே நடத்திச் சென்று பலவகைக் காட்சிகளுக்கும் ஓசைகளுக்கும் பழக்க வேண்டும் என்றும், அது அஞ்சினால் கடுமையினால் அன்றி அன்பினாலேயே அச்சத்தைப் போக்க வேண்டும் என்றும் விதித்தார். பிடித்துச் செல்பவன் குதிரைக்கு முன்னும் செல்லாமல் பின்னும் செல்லாமல் பக்கத்தில் நடக்க வேண்டும் என்றும் அவர் கூறினார். இவற்றை மறுப்பதற்கு இன்றளவும் ஒரு காரணமும் கிடைத்திலது.

குதிரையின் புலன்களைச் சிறிது அறிந்துகொள்வது நலம். அதன் கண்கள் தலையின் இருபுறத்திலும் அமைந்திருப்பதால், ஏறக்குறையத் தன்னைச் சுற்றிலும் உள்ள யாவற்றையும் அது காணும். நெற்றிக்கு நேர்முன்னே மிக அருகிலும், வாலுக்கு நேர்பின்னேயும் உள்ளவை மட்டும் அதற்குத் தெரிவதில்லை. ஆகையால் பின்புறமாகச் சத்தமின்றி அணுகுதல் உதை வாங்குவதற்கு வழி. போகும்போது ஒரு பக்கமாகக் கண்ட குப்பைத்தொட்டியைத் திரும்பும்போது மறுபக்கமாகக் காண்கையில், அதனைப் புதுப்பொருளாக எண்ணி மீண்டும் மருள்வதும் உண்டு. இதனைப் பிடிவாதமென்று கருதலாகாது. அன்றியும், காதுகள் எப்பக்கம் திரும்புகின்றனவோ அப்பக்கமே அதன் கருத்தும் செல்லும். காதுகளைக் கவனிப்பவன், துள்ளல் வருவதற்குச் சில விநாடிகள் முன்னரே அதனை அறிந்துகொள்வான்.

மாடு பழக்குவதில் நம் குடியானவர்களுக்கு ஒப்பாரைக் காண்பது அரிது. புதுக் காளையைப் பழகிய மாட்டோடு பிணைத்துச் சேற்றில் நடத்திப் பழக்கும் முறை சிறந்ததே. ஆனால் மாட்டுக்கு மூக்கணாங்கயிறு உண்டு, குதிரைக்கு இல்லை. முந்நூறு கிலோ நிறையுள்ள குதிரையோடு அறுபது கிலோ நிறையுள்ள மனிதன் கயிறிழுக்கும் போட்டியிட்டு வெல்ல முடியாது. ஆகவே பலத்தால் அல்லாமல் பழக்கத்தாலேயே அதனை வசப்படுத்த வேண்டும். மாட்டு வழக்கத்தில் இங்கும் பயன்படுவது ஒன்றுண்டு. அமைதியான முதிய குதிரை ஒன்று உடன் நடக்குமானால், இளங்குதிரையின் அச்சம் பாதி குறையும்.

பாடத்தை வீட்டின் சுற்றுச்சுவருக்குள் தொடங்குக. தலைக்கட்டில் பத்தடி நீளமுள்ள பருத்திக் கயிற்றைப் பூட்டி, குதிரையின் கழுத்துக்கும் தோளுக்கும் நேராக ஒரு முழ இடைவெளியில் நிற்க வேண்டும். கயிற்றை மெல்ல இழுத்து, குதிரை ஓரடி எடுத்து வைத்த அக்கணமே தளர்த்திவிட வேண்டும். குதிரை கற்பது இழுப்பினால் அன்று. இழுப்பு நிற்பதனாலேயே கற்கிறது. முதல் அடிக்குத் தளர்த்தாமல் இழுத்துக்கொண்டேயிருப்பவன், "நீ நடந்தாலும் உனக்குச் சுகமில்லை" என்று அதற்குப் போதிக்கிறான். நடத்தல், நிற்றல், பின்வாங்குதல், இருபுறமும் திரும்புதல் ஆகிய இந்நான்கையும் இடப்பக்கத்திலிருந்தும் வலப்பக்கத்திலிருந்தும் கற்பித்த பின்னரே தெருவுக்குக் கொண்டுசெல்லுதல் முறை. இடப்பக்கம் மட்டுமே பிடிப்பது வழக்கமாயினும், நம் நாட்டில் வண்டிகள் சாலையின் இடப்பக்கமாகச் செல்வதால், சாலையில் குதிரையை ஓரமாக விட்டு, வண்டிகளுக்கும் அதற்கும் நடுவே அதன் வலப்பக்கத்தில் மனிதன் நடப்பதே பத்திரம். ஒருபக்கப் பழக்கமே உள்ள குதிரை இதற்கு இணங்காது.

முதல் வாரங்களில் வெளிநடை பதினைந்து நிமிஷங்களுக்கு மேல் வேண்டாம். சூரியன் ஏறுவதற்கு முன் ஏரிக்கரை அல்லது வயல்வழியே ஏற்றது. நண்பகலில் தார்ச்சாலை கூடவே கூடாது. பழக்கம் ஏற ஏற, கடைத்தெருவின் ஓரம், பிறகு பெருஞ்சாலையை நூறு கஜத்திற்கு அப்பால் நின்று பார்த்தல், பிறகு ஐம்பது கஜம் என்று சிறிது சிறிதாக நெருங்கலாம். அடிமேல் அடி வைத்தால் அம்மியும் நகருமல்லவா?

குதிரை மருண்டு நின்றால் நிற்கவிடுக. பார்க்கட்டும், மூச்சை விடட்டும். தலை தாழ்ந்த பிறகு மேலே நடத்துக. துள்ளினால் தலையைத் தன் பக்கமாகத் திருப்பிச் சிறு வட்டமாக நடத்துக. முன்னங்கால்களைத் தூக்கி நிமிர்ந்தால், கயிற்றை நீளவிட்டுப் பக்கமாக விலகி நிற்க வேண்டும்; கீழே இழுத்தால் அது பின்புறமாக விழக்கூடும். வீட்டை நோக்கித் திரும்பும்போது விரைந்து இழுக்குமானால், நிறுத்தி, நாலடி பின்வாங்கச் செய்து, மீண்டும் நடத்துக. எந்நாளும் அமைதியான ஒரு நிலையிலேயே பாடத்தை முடித்தல் வேண்டும். அவிழ்த்துவிடும்போதும் அதன் தலையை நம்மை நோக்கித் திருப்பிய பின்னரே விடவேண்டும்.

ஒன்றைமட்டும் வற்புறுத்திச் சொல்லக் கடமைப்பட்டிருக்கிறோம். கயிற்றை ஒருபோதும் கையில் சுற்றிக்கொள்ளலாகாது. இதனை எழுதுபவன் இளமையில், பிடி நழுவாதிருக்கட்டும் என்று கயிற்றை உள்ளங்கையில் இருமுறை சுற்றிக்கொண்டு ஒரு குட்டியை நடத்திச் சென்றான். தெருமுனையில் ஒரு சரவெடி வெடித்தது. குட்டி பதினைந்தடி தூரம் அவனை இழுத்துச் சென்றது. இரண்டு விரல்கள் இன்றும் முழுதும் மடங்குவதில்லை. அன்று பிழை செய்தது குட்டியன்று. கயிற்றின் மிகுதியை மடித்துக் கையில் பிடிக்க வேண்டும். கால்களில் பாதரட்சை அணிய வேண்டும்.

தீவனமும் குணத்தை மாற்றும். நாள் முழுதும் கொட்டிலில் கட்டிவைத்து, வலிமை வரட்டும் என்று கொள்ளை அள்ளி அள்ளி வைத்து, மாலையில் அவிழ்த்தால் குதிரை குதிக்காமல் என் செய்யும்? வேலைக்குத் தக்கபடியே கொள்ளு. அடிப்படைத் தீவனம் புல்லும் உலர்புல்லுமே. அது உடல் நிறையில் நூற்றுக்கு ஒன்றரை முதல் இரண்டு பங்காவது இருத்தல் வேண்டும். நடைக்கு முன்னர் வேலியிட்ட இடத்தில் சிறிது நேரம் அவிழ்த்துவிடுவதும், தன் இனத்தோடு பழகவிடுவதும் மிகுந்த பயனளிக்கும். சாந்தமாயிருந்த குதிரை திடீரென்று முரண்டினால் பல்லிலோ குளம்பிலோ முதுகிலோ நோவு இருக்கலாம்; கால்நடை மருத்துவரிடம் காட்ட வேண்டும். குதிரைக்கு இரணஜன்னி எளிதில் வருமாதலால் அதற்குரிய தடுப்பூசியையும் மறத்தலாகாது.

"அடி உதவுவது போல் அண்ணன் தம்பி உதவமாட்டான்; முள் கடிவாளம் போட்டால் ஒரே வாரத்தில் அடங்கும்; மாதக்கணக்கில் நடத்த எவரால் முடியும்?" என்று சிலர் வாதிப்பர். அடங்குவது உண்மையே. ஆனால் வலிக்கு அஞ்சி அடங்கிய குதிரை, அதனினும் பெரிய அச்சம் தோன்றும் நாளில் வலியையும் பொருட்படுத்தாமல் ஓடும். அன்று அதன் முதுகிலோ வழியிலோ ஒரு குழந்தை இருக்கக்கூடும். மேலும், முள்ளுள்ள கடிவாளத்தை 1965ஆம் ஆண்டின் வண்டி இழுக்கும் மற்றும் பொதி சுமக்கும் பிராணிகள் வதைத்தடுப்பு விதிகள் விலக்கியிருக்கின்றன. இன்னொன்றும் உண்டு. குதிரையின் முதுகெலும்பு ஐந்தரை அல்லது ஆறு வயது வரையில் முற்றுவதில்லை. ஆகவே இளமையில் பாரம் ஏற்றாமல் நடத்துவதற்குச் செலவிடும் மாதங்கள் வீண்போவதில்லை. அவை பிற்காலத்தில் பல ஆண்டு உழைப்பாகத் திரும்பி வரும்.

கிராம அதிகாரிகளுக்கும் இதில் பங்குண்டு. ஏரிக்கரைப் பாதைகளை ஆக்கிரமிப்பின்றிக் காத்தால் மாட்டுக்கும் குதிரைக்கும் மனிதருக்கும் நன்மை. திருவிழாக்களிலும் ஊர்வலங்களிலும் முள் கடிவாளம் காணப்பட்டால் எடுத்துச் சொல்லித் தடுக்கலாம். ஆசைக்கு வாங்கி, அடக்கமுடியாமல் சாலையில் விட்டுவிடுவது 1960ஆம் ஆண்டின் பிராணிவதைத் தடுப்புச் சட்டத்தின்படி குற்றம் என்பதையும் ஊராருக்கு உணர்த்தலாம். இரவில் நெடுஞ்சாலையில் திரியும் குதிரையால் அதன் உயிருக்கும் ஆபத்து; வண்டியில் வருவோர் உயிருக்கும் ஆபத்து.

ஆகவே அடுத்த ஆடியில் சந்தைக்குப் புறப்படும் அன்பர்கள், பணப்பையை எண்ணுவதற்கு முன் தம் காலைப் பொழுதை எண்ணிப் பார்ப்பார்களாக. நாள்தோறும் அரைமணி நேரம் ஒதுக்க இயலுமாயின் குட்டியை வாங்கலாம். இயலாதாயின், பழகிய குதிரையை வாங்குக. அல்லது ஆசையை ஓராண்டு தள்ளிவைக்குக. குதிரை காத்திருக்கும், கெட்டுப்போன குட்டியைத் திருத்துவதுதான் அரிது.