முதலில் கூரை

ஏ.சி.யை 20 டிகிரிக்குக் கீழே இறக்கவோ 28-க்கு மேலே ஏற்றவோ முடியாதபடி விதி வரப்போவதாக மத்திய மின்துறை அமைச்சர் மனோகர் லால் 2025 ஜூனில் அறிவித்தார். நல்லதுதான். ஒரு டிகிரி கூட்டிவைத்தால் ஆறு சதவீத மின்சாரம் மிச்சம் என்று எரிசக்தித் திறன் பணியகமும் சொல்லிவருகிறது. புதிய ஏ.சி.கள் 24 டிகிரியில்தான் இயங்கத் தொடங்க வேண்டும் என்பது 2020 ஜனவரியிலேயே வந்த விதி.

என் கோபம் வேறு. மதுரை மேல மாசி வீதிக்குப் பின்னால் ஒரு சந்தில், பழைய மச்சு வீட்டின் முற்றத்தைப் பிளாஸ்டிக் தகடு போட்டு மூடிவிட்டார்கள். பகலில் சூடான காற்று மேலேறி வெளியே போனதும், இரவில் குளிர்ந்த காற்று இறங்கித் தரையை ஆற்றியதும் அந்த வழியாகத்தான். அதை அடைத்துவிட்டு, வீடு கொதிக்கிறதென்று இரண்டு அறைக்கு ஒன்றரை டன் ஏ.சி. மாட்டியிருக்கிறார்கள்.

நியூயார்க்கில் என் தங்கை மகன் வாங்கியிருப்பதும் பழைய வீடுதான். நிலவறையில் பாய்லர். நீராவி குழாயில் ஏறி, அறைதோறும் ஜன்னலடியில் இருக்கும் வார்ப்பிரும்பு ரேடியேட்டரைச் சூடாக்குகிறது. பிறகு தண்ணீராகி, அதே குழாயின் சரிவில் தானாக இறங்கிவிடுகிறது. பம்பே கிடையாது. ரேடியேட்டரின் ஓரத்தில் சின்னதாக ஒரு காற்று வால்வு. உள்ளிருக்கும் காற்று அதன் வழியே வெளியேறினால்தான் நீராவி உள்ளே வரும். வால்வு அடைத்துக்கொண்டால் பாய்லர் எவ்வளவு எரிந்தாலும் அந்த அறை குளிரும். புது பாய்லர் வாங்கக் கிளம்பியவனை அந்த ஊர் மெக்கானிக் தடுத்திருக்கிறார். வால்வை மாற்று, ஜன்னல் இடுக்கை அடை, குழாய்க்கு உறை போடு, பாய்லர் கடைசியில் என்றாராம்.

"வீட்டைச் சரிபண்ணாம மெஷினை மாத்தாதீங்கன்னுட்டார் மாமா" என்றான்.

அதைத்தான் மதுரைக்கும் சொல்கிறேன். அங்கே காசு கொடுத்து வைக்கும் ரேடியேட்டர், இங்கே கான்கிரீட் தளமாகத் தலைக்கு மேலேயே இருக்கிறது. பகலெல்லாம் வெயிலைக் குடித்துவிட்டு, ராத்திரி பத்து மணிக்குக் கட்டிலின் மேல் இறக்குகிறது. ஏ.சி. பாதி நேரம் அந்தத் தளத்தோடுதான் மல்லுக்கட்டுகிறது.

பழைய மச்சைப் பாருங்கள். தேக்குச் சட்டங்களின் மேல் சன்னச் செங்கல்லைக் குத்துக்கல்லாகக் குறுக்கே அடுக்கி, அதன்மேல் செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் கொட்டுவார்கள். கடுக்காயும் வெல்லமும் ஊறிய தண்ணீரைத் தெளித்துத் தெளித்து, பெண்கள் வரிசையாக உட்கார்ந்து நாள்கணக்கில் கட்டையால் தட்டுவார்கள். கடைசியில் மேலே தட்டு ஓடு பதிப்பார்கள். வெயில் அத்தனையையும் கடந்து உள்ளே வருவதற்குள் பொழுது சாய்ந்துவிடும். சந்தேகம் இருந்தால் சித்திரை வெயிலில் தமுக்கத்துக்குப் போங்கள். 1959-ல் நேரு திறந்துவைத்த காந்தி அருங்காட்சியகம் ராணி மங்கம்மாளின் அரண்மனையில்தான் இருக்கிறது. கனத்த சுவரும் உயர்ந்த கூரையும் செய்யும் வேலையை உடம்பே உணரும்.

எல்லோரும் மச்சு கட்ட முடியாது. கான்கிரீட் தளத்துக்கு வெள்ளை அடிக்கலாம், வெள்ளை ஓடு பதிக்கலாம். மேற்குச் சுவருக்கு நிழல் கொடுக்கலாம். குரங்குக்கும் திருடனுக்கும் பயந்தால் முற்றத்துக்குக் கம்பி வலை போதும். மழைக்குத் தகடுதான் வேண்டுமென்றால், நாலு பக்கமும் காற்றுப் போக ஒரு முழம் உயர்த்திப் போடுங்கள். இவ்வளவும் செய்த பிறகு ஏ.சி. வேண்டியிருந்தால், சின்னதே போதும்.

2024-ல் தமிழக அரசு வெப்ப அலையை மாநிலப் பேரிடராக அறிவித்தது. அந்தப் பேரிடரில் முதலில் வேகிறவர்கள் தகரக் கூரைக்குக் கீழே இருப்பவர்கள். அவர்களால் ஏ.சி. வாங்க முடியாது. ஆனால் ஒவ்வொரு பங்குனியிலும் அந்தக் கூரைகளுக்கு வெள்ளை அடித்துக் கொடுக்க மாநகராட்சியால் முடியும்.