ஆறு மணி ஷோ

'கூலி' ரிலீஸ் அன்னைக்கு, 2025 ஆகஸ்ட் 14, காவேரிப்பட்டினத்துல இருந்து நாங்க அஞ்சு பேர் ராத்திரி ரெண்டரைக்கே கார்ல பெங்களூர் கிளம்பிட்டோம். கர்நாடகாவில் காலை 6 மணிக்கே ஷோ. நம்ம பக்கம் 9 மணிக்குத்தான். அந்த மூணு மணி நேரத்துக்காக நூறு கிலோமீட்டர், டோல், டீ, ஆளுக்கு 700 ரூபாய் டிக்கெட். கிருஷ்ணகிரியில் 200 ரூபாய்க்குள் முடிஞ்சிருக்கும்.

படம்? சௌபின் ஷாஹிர் மிரட்டிட்டார். ரஜினி வர்ற இடமெல்லாம் விசில். ஆனா நண்பனோட சாவுக்குக் காரணம் தேடிப்போற கதையில அந்த நட்பே மனசுல நிக்கல. சத்யராஜை இன்னும் கொஞ்ச நேரம் காட்டியிருந்தா, கடைசியில் ஆமிர் கான் தேவைப்பட்டிருக்க மாட்டார்.

இதை அன்னைக்கு நான் சொல்லல. இடைவேளையிலேயே குரூப்ல 'தெறி மாஸ்'னு போட்டுட்டேன். 700 ரூபாய் கொடுத்தவன் வேற என்ன சொல்வான்!

அதிகாலை ஷோவை இங்கேயும் திரும்பக் கொண்டுவரணும்னு கிளாஸ்ல பாதிப் பேர் சொல்றாங்க. எனக்கு உடன்பாடில்லை. 2023 ஜனவரியில் 'துணிவு' நள்ளிரவுக் காட்சிக் கொண்டாட்டத்தில், கோயம்பேடு பக்கம் லாரி மேல ஏறி ஆடிய ரசிகர் ஒருத்தர் குதிச்சு இறந்துபோனார். கிட்டத்தட்ட நம்ம வயசு.

'டூரிஸ்ட் ஃபேமிலி', 2025 மே 1, 'ரெட்ரோ' வந்த அதே நாள் வந்தது. அபிஷன் ஜீவிந்துக்கு முதல் படம். அதுக்காக யாரும் பார்டர் தாண்டல. ரெண்டாவது வாரம் அம்மாவோட போனேன். திரும்பி வர்ற பஸ்ல அம்மா அந்தப் படத்தைப் பத்தியே பேசிட்டு வந்தாங்க.

'கூலி' பார்த்துட்டு வந்த கார்ல, ஓட்டினவனைத் தவிர எல்லாரும் தூங்கிட்டோம்.